காற்றே இல்லை, ஆனாலும் பறக்கவில்லை

காலை 5.40. துருக்கியின் கோரெமே கிராமத்தில் எங்கள் தங்கும் விடுதியின் முன்கூடத்தில் ஐந்து பேரும் குல்லா, கையுறை, கம்பளிச் சட்டை சகிதம் உட்கார்ந்திருந்தோம். அம்மா புடவைக்கு மேல் அண்ணனின் குளிர்கோட்டை மாட்டியிருந்தார். ஒன்பது வயது அண்ணன் மகள் பாதித் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்திருந்தாள். பலூன் நிறுவனத்தின் வேன் வரவேண்டிய நேரம். வேன் வந்தது. ஆனால் ஓட்டுநர் எங்களை ஏறச் சொல்லவில்லை. கைப்பேசியைக் காட்டி, "ரெட், ரெட்" என்றார்.

அண்ணனுக்கு வந்ததே கோபம்! வெளியே போய்ப் பார்த்தார். ஓர் இலை அசையவில்லை. எதிர்வீட்டுப் புகைபோக்கியிலிருந்து புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. வானத்தில் நட்சத்திரம் தெரிந்தது. "காத்தே இல்லையே, எதுக்கு கேன்சல் பண்றாங்க? கூட்டம் சேரலைன்னு சாக்குச் சொல்றாங்களா?" என்று என்னைக் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

வேன் ஓட்டுநர் பொறுமைசாலி. அரைகுறை ஆங்கிலத்தில் பேசியபடி கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்தார். தரையில் காற்றின் வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். அதே இடத்தில் 300 மீட்டர் உயரத்தில் 38 கிலோமீட்டர். ஒரு விரலால் தரையைக் காட்டிச் சிரித்தார். இன்னொரு விரலால் வானத்தைக் காட்டித் தலையாட்டினார்.

வானொலியில் காலை நிகழ்ச்சி நடத்தும் நான் எத்தனையோ ஆண்டுகளாக வானிலை அறிக்கை வாசிக்கிறேன். காற்றுக்கு மாடி மாடியாக வெவ்வேறு வேகம் உண்டு என்பதை அன்றுதான் உறைக்கும்படி தெரிந்துகொண்டேன்.

விடியற்காலையின் பொய் அமைதி

வெப்பக்காற்று பலூன் ஏன் எப்போதும் விடியற்காலையில் பறக்கிறது? சூரிய உதயத்தைப் படம் பிடிப்பதற்காக என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். படம் ஒரு கொசுறு. இரவெல்லாம் தரை குளிர்ந்துபோயிருக்கும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, படுத்துக் கிடக்கும். வெயில் ஏறி இரண்டு, மூன்று மணி நேரம் ஆனால் தரை சூடாகி, ஆங்காங்கே சூடான காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்பும். பலூனை அது விருப்பப்படி தூக்கும், இறக்கும். அதற்குள் பறந்து இறங்கிவிட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. பலூன் எழும்புவது உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளியே இருக்கும் காற்றுக்கும் உள்ள எடை வித்தியாசத்தால். வெளியே ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. பர்னர் நெருப்பில் 100 டிகிரி வரை சூடாக்கினால் அதே அளவு காற்று ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மிச்சம் அந்தக் கால் கிலோதான் நம்மைத் தூக்குகிறது. 20 பேரைத் தூக்கும் பலூனுக்கு 10,000 கன மீட்டர் அளவு தேவைப்படுவது இதனால்தான். வெளிக்காற்று குளிர்ந்திருந்தால் வித்தியாசம் கூடும், எரிவாயு குறைவாகச் செலவாகும்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் ஒன்று எனக்குத் திகைப்பாக இருந்தது. அவ்வளவு பெரிய பலூனுக்குள் இருக்கும் காற்று மட்டுமே எட்டு, ஒன்பது டன் எடை. ஆட்கள், கூடை, எரிவாயு உருளைகள் எல்லாம் சேர்த்தால் பத்து டன்னைத் தாண்டும். அந்தப் பத்து டன் காற்றின் வேகத்தில் நகர்கிறது. அதற்கு பிரேக் கிடையாது. ஸ்டியரிங்கும் கிடையாது. மேலே போகலாம், கீழே வரலாம், அவ்வளவுதான். வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு திசையில் வீசுவதால், தேவையான திசைக்காற்று இருக்கும் மாடிக்குப் போய் நிற்பதுதான் விமானியின் வித்தை. கிளம்பும் முன்னால் சின்ன ஹீலியம் பலூன் ஒன்றைப் பறக்கவிட்டு, அது எந்த உயரத்தில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பிறந்தநாள் பலூன் மாதிரி இருக்கும் அதுதான் மேலே நடப்பதைச் சொல்லும் முதல் தூதன்.

பொள்ளாச்சியில் 2015 முதல் பொங்கல் சமயத்தில் பலூன் திருவிழா நடக்கிறது. 2025இல் அங்கே எழும்பிய யானை வடிவ பலூன் ஒன்று காற்றோடு போய், எல்லை தாண்டிக் கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் ஒரு வயலில் இறங்கியது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. செய்தியைப் பலர் வேடிக்கையாகப் பகிர்ந்தார்கள். பலூனைப் பொறுத்தவரை அது இயல்பான நடத்தை.

இப்போது எங்கள் சிவப்பு நாளுக்கு வருவோம். தரையில் குளிர்ந்த காற்று மூடி போட்ட மாதிரி அமைதியாக இருக்க, அதற்கு மேலே வேகக்காற்று வழுக்கிக்கொண்டு ஓடும். எழும்பும்போது ஒன்றும் தெரியாது. மேலே போனபிறகும் தெரியாது, ஏனென்றால் காற்றோடு சேர்ந்து நகரும்போது முகத்தில் காற்றே அடிப்பதில்லை. மெழுகுவர்த்தி ஏற்றினாலும் அணையாது என்பார்கள். வெயில் ஏறியதும் அந்த மூடி கலையும். மேலே இருந்த வேகம் தரைக்கு இறங்கும். சரியாக நாம் இறங்கும் நேரத்தில்! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். பொதுவாகத் தரைக்காற்று மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது 10 நாட், தாண்டினாலே பலூன்காரர்கள் தயங்குவது இதனால்தான். பறப்பது பிரச்சினை அல்ல, இறங்குவதுதான்.

சரி, அந்த முடிவை யார் எடுக்கிறார்கள்? கப்படோக்கியாவில் இந்த வேலை தனிப்பட்ட நிறுவனங்களின் கையில் இல்லை. துருக்கியின் சிவில் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டில், வட்டாரம் வட்டாரமாகக் கொடி அறிவிப்பார்கள். பச்சை என்றால் பறக்கலாம், மஞ்சள் என்றால் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் முடியாது. நல்ல நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட பலூன்கள் ஒரே வானத்தில் எழும்பும் ஊர் அது. சிவப்பு என்றால் அத்தனையும் தரையில்தான். ஒரு நிறுவனம் மட்டும் நல்லபிள்ளையாக ரத்து செய்ய, பக்கத்து நிறுவனம் காசு பார்க்க வழியில்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. கொடி இன்று என்ன நிறம் என்பதை இணையத்தில் நாமே பார்க்கலாம், யாருடைய வாயையும் நம்ப வேண்டியதில்லை.

இரண்டாவது காலை

மறுநாளும் சிவப்பு. எங்களுக்கு அதுதான் கடைசிக் காலை. அடுத்த நாள் விடிவதற்குள் கைசேரி விமான நிலையத்துக்குக் கிளம்பியாக வேண்டும்.

அப்போதுதான் ஒருவர் வந்தார். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. இன்னொரு பள்ளத்தாக்கு இருக்கிறது, ஒன்றரை மணி நேரப் பயணம், அங்கே பறக்கிறார்கள், இப்போதே கிளம்பினால் இடம் உண்டு, விலையும் கொஞ்சம் குறைவு என்றார். அங்கே கொடி என்ன நிறம் என்று கேட்டேன். "நோ புரோப்ளம்" என்றார். விமானி யார், எந்த பலூன் என்று கேட்டேன். அதற்கும் "நோ புரோப்ளம்".

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பத் தயாராக இருந்தேன். தலைக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல், ஆறு மாதச் சேமிப்பு, நேயர்களிடம் "பலூனிலிருந்து பேசுகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்த பெருமை வேறு. அண்ணன் என்னைவிட அவசரத்தில் இருந்தார். வெளியூர் வட்டாரங்களுக்குத் தனி அனுமதி இருக்கலாம், அது முறைப்படியான சவாரியாகவே இருந்திருக்கலாம். அன்று அங்கே பறந்தவர்கள் பத்திரமாக இறங்கிக் காலை உணவும் சாப்பிட்டிருப்பார்கள். ஆனால் என் கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் வராததை நான் கவனிக்கத் தயாராகவும் இல்லை.

தடுத்தது அம்மாதான். "பிள்ளையை வெச்சிக்கிட்டு, எங்க போறோம்னே தெரியாம இருட்டுல நான் வரமாட்டேன். நீங்க வேணும்னா போயிட்டு வாங்க" என்று குளிர்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா இல்லாமல் யார் போவது? போகவில்லை. அண்ணன் மத்தியானம் வரை யாரோடும் பேசவில்லை.

ஊர் திரும்பியபிறகு எனக்கு மனம் ஆறவில்லை. பலூன் விபத்துகள் பற்றிய விசாரணை அறிக்கைகளையும் செய்திகளையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, அன்று முன்கூடத்தில் எங்களுக்குள் நடந்த அந்தப் பத்து நிமிட வாக்குவாதம்தான் பல விபத்துகளின் முதல் காட்சி என்று தோன்றியது.

2016 ஜூலை 30. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், லாக்ஹார்ட். அன்று காலை தாழ்ந்த மேகம் இருப்பது வானிலைத் தகவல் கேட்டபோதே விமானிக்குச் சொல்லப்பட்டது. மேகங்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும், அதில் புகுந்து வந்துவிடலாம் என்கிற தோரணையில் அவர் பதில் சொன்னது பதிவில் இருக்கிறது. பலூன் மேகத்துக்கு மேலே போனது. இறங்கும்போது கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தது உயர் அழுத்த மின்கம்பி. 16 பேரும் இறந்தார்கள். பார்வையையும் முடிவெடுக்கும் திறனையும் பாதிக்கக்கூடிய மருந்துகள் அந்த விமானியின் உடலில் இருந்தன. அந்நாட்டில் அப்போது பலூன் விமானிகளுக்கு மருத்துவச் சான்றிதழே கட்டாயமில்லை. பயணிகளை ஏற்றும் பலூன் விமானிகளுக்கு அதைக் கட்டாயமாக்கும் விதி 2022இல்தான் வந்தது.

வானிலை நன்றாக இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2012 ஜனவரி 7, நியூசிலாந்தின் கார்ட்டர்ட்டன். அழகான காலை. தாழ்வாகப் பறந்த பலூன் மின்கம்பியை நெருங்கியது. அந்த நிலையில் வேகமாகத் தரைக்கு இறங்குவதுதான் பாதுகாப்பு. விமானி கம்பிக்கு மேலே எழும்பிவிடப் பார்த்தார். 11 பேர் இறந்தார்கள். அவர் ரத்தத்தில் கஞ்சாவின் தடயம் இருந்தது. இரண்டு விபத்திலும் மின்கம்பி, இரண்டிலும் பறக்கத் தகுதியான நிலையில் இல்லாத விமானி.

கப்படோக்கியாவும் விதிவிலக்கல்ல. 2013 மே மாதத்தில் இரண்டு பலூன்கள் மோதி பிரேசில் நாட்டுப் பயணிகள் இறந்தார்கள். 2022 அக்டோபரில் காற்று வேகமெடுத்த நேரத்தில் பலமாகத் தரையில் மோதி இறங்கிய பலூனில் ஸ்பெயினைச் சேர்ந்த இருவர் இறந்தார்கள். 2025 ஜூனில், கோரெமேயிலிருந்து தள்ளியுள்ள அக்சராய் பகுதியில் திடீரென மாறிய காற்றில் ஒரு விமானி இறந்தார். காயமடைந்தவர்கள் நம் அண்டை நாடான இந்தோனேசியாவிலிருந்து சென்ற சுற்றுப்பயணிகள். கொடி முறை இருந்தாலும் விபத்து நடக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் பறக்கும் ஊர் அது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் நானே மறுபடி போவேன்.

குதிக்கக் கூடாது

பயணிகளாகிய நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது.

2013 பிப்ரவரி 26, எகிப்தின் லக்சோர். இறங்கும் நேரத்தில் எரிவாயுக் குழாய்க் கசிவால் தீப்பிடித்தது. விமானியும் ஒரு பயணியும் வெளியேறித் தப்பினார்கள். எடை குறைந்த பலூன், தீயின் சூட்டோடு மறுபடி மேலே கிளம்பியது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து 19 பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 21, பிரேசிலின் பிராயா கிராண்டே. கூடைக்குள் தீ. தரைக்கு அருகே வந்ததும் விமானி உட்பட 13 பேர் குதித்துவிட்டார்கள். பலூன் எஞ்சிய எட்டுப் பேரோடு எழும்பியது. அந்த எட்டுப் பேரும் பிழைக்கவில்லை.

மேலே சொன்ன கால் கிலோ கணக்கு இங்கேதான் கொடூரமாகிறது. தராசு மாதிரி சமநிலையில் மிதக்கும் ஒன்றிலிருந்து இரண்டு பேர் இறங்கினால் 140 கிலோ போய்விட்டது. பலூன் உடனே எழும்பும். தீப்பிடித்த கூடையில் யார் என்ன செய்வார்கள் என்று வெளியிலிருந்து நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சாதாரணமாக இறங்கும்போது, கூடை தரையைத் தொட்டதும் முதல் ஆளாகக் குதித்து செல்ஃபி எடுக்க ஓடுபவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. விமானி பெயர் சொல்லி அழைக்கும்வரை கூடைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இறங்கும் முன் ஒரு நிலையில் உட்காரச் சொல்வார்கள். முழங்காலை மடக்கி, முதுகு கூடையின் சுவரில் சாய, உள்ளே இருக்கும் கயிற்றுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து. கைப்பேசி பைக்குள். கூடை சாய்ந்து, கொஞ்ச தூரம் இழுபடுவதும் நடக்கும். அது விபத்து அல்ல. அண்மையில் முதுகு அல்லது முழங்கால் அறுவை சிகிச்சை செய்தவர்களையும் கர்ப்பிணிகளையும் ஏற்ற மறுப்பது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான். சின்னக் குழந்தைகளை மறுப்பதும் அப்படியே: கூடையின் விளிம்புக்கு மேல் எட்டிப் பார்க்க முடியாத, சொன்னவுடன் அந்த நிலையில் உட்காரத் தெரியாத பிள்ளைக்கு அது இடமில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஏற்றிக்கொண்டு போகிற பெற்றோரையும் பார்த்தேன்.

நம் ஊரில் கட்டிப்போட்ட பலூன்

புத்ராஜெயா பலூன் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். 2009இல் தொடங்கிய திருவிழா அது. விடியற்காலையில் வரிசையில் நின்று, முறை வரும் நேரத்தில் "காற்று அதிகம், நிறுத்திவிட்டோம்" என்பார்கள். பினாங்கு பாடாங் போலோவிலும் இதே கதைதான். அங்கே பொதுமக்கள் ஏறுவது பெரும்பாலும் கயிற்றில் கட்டிய பலூன். கட்டியிருப்பதால் அது பாதுகாப்பானது, கொஞ்சம் காற்றடித்தால் என்ன என்று தோன்றும். நேர்மாறு. சுதந்திரமாகப் பறக்கும் பலூன் காற்றோடு போய்விடுகிறது. கட்டிய பலூன் காற்றை எதிர்த்து நிற்கிறது, பாய்மரம் மாதிரி. அதனால் கட்டிய பலூனுக்குக் காற்று இன்னும் குறைவாக இருக்க வேண்டும்.

நம் வானிலையும் ஒத்துழைப்பதில்லை. மத்தியானம் ஆனால் இடிமழை. மழைமேகம் பல கிலோமீட்டர் தூரத்தில் இருந்தாலும் அதிலிருந்து கீழே கொட்டும் குளிர்காற்று தரையோடு பரவி இங்கே வந்து அடிக்கும். மழை வருமுன் திடீரென்று ஜில்லென்று ஒரு காற்று வீசி, காயப்போட்ட துணியெல்லாம் பறக்குமே, அதுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ரா பக்கமிருந்து மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் புயல்காற்று வரிசை விடியற்காலையிலேயே மேற்குக் கரையைத் தாக்கும். ஆக, நமக்குக் கிடைக்கும் நேரம் காலையில் ஒன்றிரண்டு மணி, அதுவும் எல்லா நாளும் இல்லை.

போகத் திட்டமிடுபவர்களுக்கு நான் சொல்வது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கப்படோக்கியாவுக்கு இரண்டு இரவு ஒதுக்கும் சுற்றுலாத் தொகுப்புகள்தான் அதிகம். டிசம்பர், ஜனவரி குளிரில் ரத்து அடிக்கடி நடக்கும். நம் பள்ளி விடுமுறையோ பெரும்பாலும் அந்த நேரத்தில். குறைந்தது மூன்று காலை, முடிந்தால் நான்கு காலை கையில் இருக்கட்டும். பலூனை முதல் காலைக்குப் பதிவு செய்யுங்கள். ரத்தானால் அடுத்த நாளுக்கு மாற்ற முடியும். கடைசிக் காலைக்கு வைத்தால், எங்களைப் போல, யாராவது வந்து "நோ புரோப்ளம்" என்று சொல்லும்போது நம்பத் தோன்றும். வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்புமா, அல்லது வேறு சவாரிக்கு மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்புறுதியில் பலூன் சவாரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். சில திட்டங்கள் அதை ஆபத்தான பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவைத்திருக்கும். கடந்த வாரம் எத்தனை நாள் ரத்து செய்தீர்கள் என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் "ஒரு நாளும் ரத்து செய்ததில்லை" என்று பெருமையடித்தால் நான் வேறு இடம் பார்ப்பேன்.

எங்கள் பணம் அன்று மத்தியானமே, ஒரு யூரோ குறையாமல், விடுதியின் முகப்பில் கைக்கு வந்தது. அண்ணன் அதில் கம்பளம் வாங்கினார், அண்ணியிடம் திட்டும் வாங்கினார். அம்மா தன் பங்கை ரிங்கிட்டுக்கு மாற்றவே இல்லை. அலமாரியில், புடவைகளுக்கு அடியில், அந்த நிறுவனத்தின் உறையிலேயே இருக்கிறது. போன வாரம் துணி அடுக்கும்போது பார்த்தேன். உறையின் மேல் பேனாவால் எழுதியிருந்தார்: "நாலு ராத்திரி".